இயல் 5: எழுத்துக் கூட்டும் குரல்

இரண்டாம் வகுப்பு. சன்னலோரம் உட்கார்ந்திருந்த பையன் ‘மேகம்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தான். விரல் முதலில் போய் நின்றது இரட்டைக்கொம்பின் மேல். அதற்கு என்ன ஒலி என்று தேடினான், கிடைக்கவில்லை. அடுத்த எழுத்துக்கு நகர்ந்து “ம... ம...” என்றான். பயிற்சி ஆசிரியை அவன் தோளைத் தட்டி, “மேகம்” என்று தானே சொல்லிவிட்டு, கைபேசியில் மேகங்களைப் பற்றிய படக்காட்சி ஒன்றை ஓடவிட்டார். ஐந்து நிமிடம் வகுப்பே வாய்பிளந்து பார்த்தது. மணி அடித்த பிறகு அவரிடம் கேட்டேன்: “அந்தப் பையன் எந்த இடத்தில் நின்றான்?” அவருக்கு நினைவில்லை. “அவனுக்கு வாசிக்க வராது சார்” என்றார்.

அக்கறையான பெண். முதல் நாள் இரவு வெகுநேரம் தேடி அந்தப் படக்காட்சியை எடுத்துவந்திருந்தார். ஆனால் ‘வாசிக்க வராது’ என்று மட்டும் தெரிந்துகொண்டு மறுநாள் வகுப்புக்குப் போகும் ஆசிரியரால் அந்தப் பையனுக்கு எதுவும் செய்ய முடியாது. ‘கொம்பு வரும் இடத்தில் நிற்கிறான்’ என்று தெரிந்த ஆசிரியரால் பத்து நிமிடத்தில் உதவ முடியும். அந்த ஒரு விவரத்தைக் கண்டுபிடிக்க அதே கைபேசி போதும். அதை வகுப்புக்குக் காட்டுவதற்கு முன்னால், பையனின் குரலைப் பதிந்துகொள்ள எடுத்திருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இந்த இயல்.

இரண்டு தாள்களை ஒன்றாக்குங்கள்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வெளியிட்ட நெறிமுறைகளுக்குப் பிறகு பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளானது. அதில் ‘நூல்களை வாசித்தலும் சிந்தித்தலும்’ என்று ஒரு செய்முறைத் தாள். தகவல் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்வது பற்றி இன்னொரு தாள். பெரும்பாலான கல்லூரிகளில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. முதல் தாளுக்கு நூல் மதிப்புரை எழுதி ஒரு கோப்பு, இரண்டாம் தாளுக்குப் பதினைந்து ஸ்லைடு கொண்ட பிபிடி, இரண்டிலும் கையெழுத்து, முடிந்தது. தொடக்கக் கல்விப் பட்டயம் படிப்பவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யலாம். நூலை வாசியுங்கள், வாசித்த குரலைப் பதியுங்கள், பதிந்ததைக் கேட்டுக் குறிப்பெழுதுங்கள், அந்தக் குறிப்பைத் தமிழில் தட்டச்சு செய்யுங்கள். நான்கு திறன்கள் ஒரே மாலையில் கைகூடும். பேராசிரியர் சம்மதித்தால் இரண்டு தாள்களுக்கும் அதே கோப்பைக் காட்டலாம். சம்மதிக்காவிட்டாலும் செய்யுங்கள். பள்ளியில் உங்களுக்கு உதவப்போவது அதுதான்.

இதை முதலில் உங்கள் குரலில் செய்து பாருங்கள். நீங்கள் இதுவரை பார்க்காத ஒரு சிறுவர் கதையை எடுத்து, முன்தயாரிப்பு இல்லாமல் மூன்று நிமிடம் வாய்விட்டு வாசித்துப் பதியுங்கள். பதிந்ததை உடனே கேட்காதீர்கள். மறுநாள் காலையில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த பயிற்சி ஆசிரியர்கள் ஏறக்குறைய எல்லாருமே முதல் முறை கேட்கும்போது வெட்கப்பட்டிருக்கிறார்கள். அது கடந்துபோகும். அதன் பிறகு காதில் விழுவதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகிவிடுகின்றனவா? உரையாடலும் விவரிப்பும் ஒரே தொனியில் போகின்றனவா? நீண்ட சொற்களின் கடைசி எழுத்துகளை விழுங்குகிறீர்களா? குழந்தைகளுக்கு வாசித்துக்காட்டும்போது இந்தக் கடைசி எழுத்துகள் மிக முக்கியம். ‘குளத்தில்’, ‘குளத்தை’, ‘குளத்துக்கு’ என்ற மூன்றின் வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் ஐம்பது கதைகள் உங்கள் நாவில் பழகிவிடும். கதை சொல்லத் தெரிந்த ஆசிரியருக்கு நெட் இல்லாத நாளும் வேலை நாளே.

கொம்பு ஏன் குழப்புகிறது

ஒரு குழந்தையின் வாசிப்பைக் கேட்கும் முன் தமிழ் எழுத்து எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் புதிய கண்ணோடு பார்க்க வேண்டும். நாம் வாசிக்கப் பழகி இருபது வருடம் ஆகிவிட்டதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று ஒப்பிப்போம். அந்த 216இல் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு வரிசைகளை மட்டும் தனியே எடுங்கள். ஆறு வரிசை, பதினெட்டு மெய்: 108. சரிபாதி. இந்த 108 எழுத்துகளிலும் உயிரின் குறி, அல்லது குறியின் ஒரு பகுதி, மெய்க்கு முன்னால் நிற்கிறது. ‘கெ’ என்பதில் காதுக்கு முதலில் வருவது க். கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு. ‘கொ’வில் நிலைமை இன்னும் சிக்கல்: கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் மெய். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போ என்று முதல் வகுப்பில் நாம் கற்றுக்கொடுத்த விதியை, ‘மேகம்’ வாசித்த பையன் நேர்மையாகக் கடைப்பிடித்தான். விதி அவனைக் கைவிட்டுவிட்டது.

வகுப்பில் இதற்குச் செய்ய வேண்டியது எளிது. பழைய அழைப்பிதழ் அட்டையில் மெய்யெழுத்துகளைத் தனித்தனியாகவும், கொம்புகளையும் கால்களையும் தனித்தனியாகவும் வெட்டி எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை ‘ம்’ அட்டையை முதலில் வைத்து ஒலிக்கட்டும். பிறகு ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டே ‘ம்’மின் புள்ளியை விரலால் மறைத்து, இரட்டைக்கொம்பைக் கொண்டுவந்து முன்னால் சேர்க்கட்டும். ஒலி வரும் வரிசையில் கை வேலை செய்கிறது. எழுத்து நிற்கும் வரிசையைக் கண் பார்த்துக்கொள்கிறது. புத்தகத்தில் வாசிக்கும்போது, கொம்பைக் கண்டால் ஒரு விரலுக்குப் பதில் இரண்டு விரல் வைக்கச் சொல்லுங்கள்: கொம்புக்கு ஒன்று, அடுத்த எழுத்துக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும்.

இதே பாடத்தைக் கணினியும் நமக்கு நடத்துகிறது. ஒருங்குறியில் ‘கெ’ என்பது ‘க’, அதன்பின் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது மட்டும் கொம்பு முன்னால் வந்து நிற்கும். தமிழ்99 விசைப்பலகையிலும் அப்படித்தான்: முதலில் ‘க’வைத் தட்டி, அடுத்து ‘எ’வைத் தட்டினால் ‘கெ’ வரும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். இரண்டு ‘ம’ அடுத்தடுத்து வந்தால் முதல் ‘ம’வுக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற விசைப்பலகை இது. பயிற்சி ஆசிரியர்களை நான் இதில் தட்டச்சு செய்யச் சொல்வதற்கு வேகம் மட்டும் காரணமில்லை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழை வரவழைப்பவரின் மனம் ஒவ்வொரு சொல்லையும் வேறொரு மொழியின் எழுத்துக்கூட்டலில் நினைக்கிறது. தமிழ்99இல் தட்டுபவரின் மனம் உயிரும் மெய்யும் சேருவதைச் சொல்லுக்குச் சொல் பார்க்கிறது. முதல் வகுப்புக்குப் போகப்போகிறவருக்கு அந்தப் பார்வை அவசியம். கைபேசியில் செல்லினம் போன்ற செயலிகளில் இந்த அமைப்பு கிடைக்கிறது. நாளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் சில வாரங்களில் பழகிவிடும்.

ஒரு நிமிடப் பதிவு

கற்பித்தல் பயிற்சிக்குப் போன முதல் வாரத்திலேயே, வகுப்பாசிரியரின் அனுமதியோடு, மூன்று குழந்தைகளைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக வாசிப்பவர் ஒருவர், தடுமாறுபவர் ஒருவர், வகுப்பில் பேசவே பேசாதவர் ஒருவர். அந்த மூன்றாம் குழந்தையை விட்டுவிடாதீர்கள்.

அவர்கள் பார்த்திராத ஒரு பத்தி வேண்டும். நாற்பது ஐம்பது சொல், அவர்கள் வகுப்புக்கு ஒரு படி கீழே. பாடநூலிலிருந்து எடுக்க வேண்டாம். பாடநூல் பத்தியைப் பல குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள், நீங்களும் வாசிக்கிறார்கள் என்று நம்பிவிடுவீர்கள். வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் பள்ளியில் இருந்தால் மிகவும் நல்லது. நுழை, நட, ஓடு, பற என்று படிநிலையாகவே பிரித்திருக்கிறார்கள்.

இடம் வராந்தாவின் கடைசி, மரத்தடியும் நன்று. வகுப்பின் முன்னால் வேண்டவே வேண்டாம். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த கைக்குட்டையின் மேல் வையுங்கள். மேசை அதிரும் ஒலி ஏறாது. “நீ வாசிக்கிறத பதியப் போறேன், அப்புறம் நாம ரெண்டு பேரும் கேக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஒளித்துவைத்துப் பதியக் கூடாது. குழந்தை வாசிக்கும்போது திருத்தாதீர்கள். தலையாட்டலாம். நாலைந்து விநாடி நின்றுவிட்டால் அந்தச் சொல்லை நீங்கள் சொல்லிவிட்டு, தாளில் ஒரு புள்ளி வையுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, “என்ன நடந்துச்சு, சொல்லு பாக்கலாம்” என்று கேளுங்கள். அதையும் பதியுங்கள்.

மாலையில் அந்தப் பதிவை மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை கையில் பேனா இல்லாமல் கேளுங்கள். இரண்டாம் முறை, பத்தியின் நகலை வைத்துக்கொண்டு, குழந்தை சொன்னதைச் சொன்னபடி ஒவ்வொரு சொல்லின் மேலும் எழுதுங்கள். மூன்றாம் முறை, எங்கெல்லாம் மௌனம் வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுக்கச் செய்து பார்ப்போம். பத்தியில் இருப்பது:

மழை பெய்தது. தவளை குளத்திலிருந்து வெளியே வந்தது. கோழிக்குஞ்சு வேலியோரம் ஓடி ஒளிந்தது.

குழந்தை வாசித்தது:

மழை பேஞ்சுது. தவளை குளத்து... குளத்துல வேலியே வந்துச்சு. கோழிக்குஞ்சு வேலியோரம் ஓடி ஒலிந்தது.

பத்துச் சொல். அச்சோடு ஒப்பிட்டு எண்ணினால் ஐந்து தவறு. சரிபாதி தவறு என்று மதிப்பெண் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் உட்கார்ந்து பாருங்கள்.

‘பேஞ்சுது’, ‘வந்துச்சு’ இரண்டும் அந்தக் குழந்தையின் வீட்டுத் தமிழ். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வாய்க்குப் பழகிய வடிவில் சொல்லியிருக்கிறது. அச்சில் இருப்பதைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் இன்னும் வர வேண்டும், அவ்வளவுதான், புரிதலில் குறையில்லை. இதைத் தப்பு என்று அதட்டினால், புத்தகத்தில் இருப்பது தனக்குத் தெரிந்த மொழி இல்லை என்று அந்தக் குழந்தை முடிவு செய்துவிடும். எனக்கு இதைவிட அஞ்ச வேண்டிய விளைவு வேறு தெரியவில்லை. “ஆமா, பேஞ்சுது. புத்தகத்துல அத எப்படி எழுதியிருக்காங்க பாரு” என்று சொன்னால் போதும்.

‘ஒலிந்தது’ என்பதை முடிவுகட்டும் முன் குழந்தையோடு சற்று பேசுங்கள். பள்ளி, வெள்ளம், பிள்ளை என்ற சொற்களைப் பேச்சில் எப்படிச் சொல்கிறது? அங்கேயும் ‘ல’ என்றால் அது உச்சரிப்புச் சிக்கல், வாசிப்புச் சிக்கலாகாது.

‘குளத்துல’ வேறு வகை. சொல்லின் முதல் பாதியை வாசித்துவிட்டு மீதியை ஊகித்திருக்கிறது. தவளை குளத்திலிருந்து வந்ததா, குளத்தில் இருந்ததா என்ற பொருளே மாறிப்போகிறது. தமிழில் சொல்லின் வாலில் ஏறும் உருபுகளே வாக்கியத்தின் உறவுகளைச் சொல்கின்றன. ஆகவே வாலை ஊகிக்கும் பழக்கம் மூன்றாம் வகுப்புக்கு மேல் எல்லாப் பாடத்தையும் பாதிக்கும். கணக்கில் வரும் வாக்கியக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

‘வேலியே’ இன்னும் கவலைக்குரியது. ஒற்றைக்கொம்பை இரட்டைக்கொம்பாகவும் ‘ளி’யை ‘லி’யாகவும் எடுத்துக்கொண்டது ஒருபுறம். தவளை வேலியே வந்தது என்பதில் பொருள் இல்லை என்று நின்று திரும்பிப் பார்க்கவில்லை என்பது மறுபுறம். ‘வேலியோரம்’ சரியாக வந்திருப்பதால் இரட்டைக்கொம்பு அதற்குத் தெரியும். ஒற்றைக்கொம்பில்தான் உறுதி இல்லை.

ஐந்து ‘தவறு’களில் நாளைய பாடத்துக்கு வேண்டியவை இரண்டு. பெட்டி–பேட்டி, வெட்டி–வேட்டி, கொடு–கோடு, தொடு–தோடு என்று இணை இணையாகச் சொற்களை எழுதி, படம் வரைந்து, கேட்டுக் காட்டச் சொல்லும் விளையாட்டு ஒன்று. குளம் என்ற ஒரே சொல்லுக்கு வால் மாற்றி மாற்றி, நடித்துக்காட்டும் விளையாட்டு இன்னொன்று. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நியூசிலாந்தில் மேரி கிளே என்ற கல்வியாளர் இப்படிக் குழந்தையின் வாசிப்பைச் சொல்லுக்குச் சொல் குறிக்கும் முறையை வகுத்தார். நூறு சொல்லில் 95 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் அந்த நூலைக் குழந்தை தனியாக வாசிக்கலாம், 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியரின் துணையோடு, அதற்குக் கீழே என்றால் இன்னும் எளிய நூலைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வழியில் வந்த கணக்கு. தமிழில் இதை அப்படியே பொருத்தாதீர்கள். ‘குளத்திலிருந்து’ நமக்கு ஒரே சொல், எட்டு எழுத்து. ஆங்கிலத்தில் அது மூன்று சிறு சொற்களாகப் பிரிந்துவிடும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள், ஆனால் அதே குழந்தையின் சென்ற மாத எண்ணிக்கையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பி.எட். முடித்து ஆறாம் வகுப்புக்கோ ஒன்பதாம் வகுப்புக்கோ போகப்போகிறவர்கள் இந்தப் பகுதி தொடக்கப்பள்ளிக்கு என்று தாண்டிப்போக வேண்டாம். அறிவியல் பாடத்தில் வாய் திறக்காத பதின்மூன்று வயதுப் பையனை இப்படி ஒரு நிமிடம் தனியே வாசிக்கவைத்துக் கேளுங்கள். ‘ஒளிச்சேர்க்கை’ புரியாதது ஏன் என்று சில சமயம் அங்கே தெரியும். வயதுக்குரிய மரியாதையோடு, மற்றவர் காதில் விழாமல் செய்யுங்கள்.

பேச்சிலிருந்து பக்கத்துக்கு

வாசிப்பு என்பது எழுத்தைப் பிரித்தறியும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வரும் விடை என்று 1986இல் காஃப், டன்மர் என்ற இருவர் எழுதினார்கள். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதுதான் அதில் முக்கியம். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எழுத்து அட்டைகளோடு பேச்சும் கதையும் சம அளவு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான காரணம் கிடையாது.

கைபேசி இங்கே இன்னொரு வகையில் உதவும். நியூசிலாந்தின் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர், குழந்தைகள் தாங்களே கேட்கும் சொற்களைத்தான் முதல் வாசிப்புச் சொற்களாக எழுதிக் கொடுத்தார். 1963இல் வெளிவந்த தம் நூலில் அதை விவரித்திருக்கிறார். நாமும் செய்யலாம். குழந்தை நேற்று நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும்: ஆடு குட்டி போட்டது, தாத்தா ஊருக்குப் போனது. பதிந்துகொண்டு, நான்கைந்து வாக்கியமாக, பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, கதைக்கு அந்தக் குழந்தை வைக்கும் பெயரை மேலே போட்டு அச்செடுங்கள். குரலைக் கேட்டுத் தானே தட்டச்சு செய்யும் வசதியையும் பயன்படுத்தலாம். ஆனால் அது ஒற்றுகளை விட்டுவிடும், பெயர்களைக் குழப்பும், ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

பேச்சு வழக்கில் எழுதுவதா, எழுத்து வழக்கிலா என்று கேட்பீர்கள். என் பழக்கம் இது: முதல் நாள் குழந்தை சொன்னபடியே. மூன்றாம் நாள் அதையே எழுத்து வழக்கில் எழுதிப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் வாசிக்கச் சொல்வேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். சில ஆசிரியர்கள் இதை ஏற்கமாட்டார்கள். நீங்கள் இருக்கும் பள்ளியில் அப்படியென்றால் எழுத்து வழக்கிலேயே தொடங்குங்கள், சண்டை வேண்டாம்.

அச்சிட ஒரு ஏ4 தாள் போதும். மூன்று முறை மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். நடு மடிப்பில் பாதி நீளம் கத்தரித்து மடக்கினால் எட்டுப் பக்கப் புத்தகம். தையல் இல்லை, பசை இல்லை.

எழுத்துருச் சிக்கல்கள்

நீங்கள் தயாரிக்கும் பக்கத்தில் பிழை இருந்தால் அது குழந்தையின் கண்ணில் பதியும். இரண்டு பொறிகளைச் சொல்கிறேன். ‘கௌரி’யில் இருக்கும் ஔகாரக் குறியும், கொம்போடு ‘ள’ போட்டு எழுதும் ‘கெளரி’யும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது; குரலில் வாசித்துக்காட்டும் செயலி ‘கெளரி’ என்றே பிளந்து வாசிக்கும். அதுபோலவே ‘கால்’ என்பதில் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ விழுந்துவிடுவது. தட்டச்சு முடிந்ததும் ஒரு முறை குரல்வாசிப்பில் போட்டுக் கேட்டால் இவை பெரும்பாலும் பிடிபடும்.

பழைய கோப்புகளை நகலெடுத்தால் கிறுக்கலாக வருவது, அவை ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் இருப்பதால். அதற்கான மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பின் கட்டாயம் பிழை பாருங்கள்.

குழந்தைகளின் வீட்டிலிருந்து பாட்டி கைப்பட எழுதிய கடிதமோ பழைய கதைப் புத்தகமோ வந்தால், ‘ளை’, ‘னை’, ‘ணா’ போன்றவை வேறு உருவில் இருக்கலாம். 1978இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் அவை, மொத்தம் 13. அவற்றை வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டி எழுதியது தப்பு என்று குழந்தையிடம் சொல்லிவிடாமல் இருக்க அது உதவும்.

பிறர் செய்து வைத்தவை

பாடநூலில் கியூஆர் குறியீடு இருக்கிறது, திக்‌ஷா தளம் 2017இலிருந்து இருக்கிறது, கல்வித் தொலைக்காட்சி 2019இல் வந்தது, மணற்கேணி செயலி இருக்கிறது. பொருளுக்குப் பஞ்சமில்லை. வகுப்பில் போடும் முன் முழுக்கப் பாருங்கள், முதல் நிமிடத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பீர்கள் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்த ஓர் இடம்கூட இல்லாத காணொளி வகுப்புக்கு வேண்டாம். தரவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நெட் வரும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

கதைகளுக்கு, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். தமிழ்க் கதைகள் படிநிலையாக இருக்கின்றன. தரவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் மட்டும் விடாமல் போட வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒரு கதையாவது நீங்களே மொழிபெயர்த்துப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு வாக்கியம் எழுதுவது எவ்வளவு கடினம் என்று அன்று தெரியும்.

குழந்தை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் கூகுளின் ரீட் அலாங் போன்ற செயலிகள் வீட்டில் பயிற்சிக்கு நல்லவை. ஆனால் அவை அச்சில் உள்ளதோடுதான் ஒப்பிடும். ‘பேஞ்சுது’ என்ற குழந்தைக்குப் பொருள் புரிந்தது என்று சொல்ல உங்களால்தான் முடியும். செயற்கை நுண்ணறிவிடம் கதை எழுதச் சொல்லிக் கேட்பவர்களும் இப்போது உண்டு. கேட்கலாம். வரும் கதையில் ஒற்று, பால், எண் எல்லாவற்றையும் சரிபாருங்கள். ‘ட, ப, ம, ய மட்டும் வரட்டும்’ என்று நீங்கள் கேட்டிருந்தாலும் கற்பிக்காத எழுத்துகள் உள்ளே நுழைந்திருக்கும். எல்லாவற்றையும்விட, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாவில் இடறும் வாக்கியம் குழந்தைக்குக் கொடுக்கத் தகாது.

குழந்தையின் குரல் உங்களுடையதில்லை

தடுமாறி வாசிக்கும் குழந்தையின் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் வேடிக்கைக்காகத்தான் அனுப்பினார். அந்தக் குழந்தை பெரியவளான பிறகும் அது எங்கோ இருக்கும். இந்தியாவில் 2023இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. சட்டத்தைத் தாண்டியும் ஒரு கடமை இருக்கிறது.

தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். முகம் வேண்டாம், குரல் போதும். கோப்பின் பெயரில் குழந்தையின் பெயர் வரக் கூடாது. ‘இரண்டு–அ–முதல் வாரம்’ என்பதுபோல் வையுங்கள். ஸ்டேட்டஸில் போடுவது அறவே கூடாது. பயிற்சி முடிந்து மதிப்பீடும் முடிந்ததும் அழித்துவிடுங்கள். கைபேசி தானாக இணையத்தில் எடுத்துவைத்த நகலையும் சேர்த்து.

பயிற்சி வாரங்களில்

பி.எட். படிப்பில் பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். அதில் இரண்டாம் ஆண்டில் மட்டும் 16. முதல் இரண்டு வாரத்துக்குள் மூன்று குழந்தைகளின் முதல் பதிவு முடிந்துவிட வேண்டும். எட்டாம் வாரம் ஒரு முறை, பதினைந்தாம் வாரம் ஒரு முறை, அதே நீளத்தில், அதே அளவு கடினமான வேறு பத்திகளில் மீண்டும் பதியுங்கள். இடையில் நடப்பது நாள்தோறும் பத்து நிமிட வேலை. விடுமுறை, தேர்வு, விழா என்று பாதி நாள் போய்விடும். போகட்டும், மீதி நாள் போதும். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டிருப்பார்கள். உங்கள் பதிவு சொல்வதும் அந்தப் பிரிவும் பொருந்தவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் பணிவாகக் காட்டுங்கள்: “டீச்சர், இதக் கொஞ்சம் கேட்டுப் பாக்கறீங்களா?” கேட்ட பிறகு முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் பணிக்கோப்பில் ஐம்பது புகைப்படம் வேண்டாம். மூன்று குழந்தைகள், ஒவ்வொருவருக்கும் மூன்று பதிவு, குறியிட்ட ஒன்பது தாள், நீங்கள் செய்த விளையாட்டுகள், பலிக்காமல் போனவை எவை என்ற குறிப்பு. இவை இருந்தால் போதும். வாய்மொழித் தேர்வில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டுங்கள்.

கடைசி நாள் பள்ளியில் கேக் வெட்டுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். அதற்கு முந்தின நாளே வகுப்பாசிரியரைத் தனியே பார்த்து, குழந்தைக்கு ஒரு தாளாக மூன்று தாளை அவர் கையில் கொடுங்கள். குழந்தைக்கு இப்போது எது வருகிறது, எங்கே நிற்கிறது, எந்தக் கதை பிடித்திருக்கிறது என்று மூன்று வரி. நான்காவது வரியில், திங்கட்கிழமை எந்த எழுத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதியிருங்கள்.